கடை ஓடுது, தோல் உரியுது! 'டியூப்' வலையில் சிக்கும் சிறு வியாபாரிகள்

சென்னை:

கல்லாவில் 50 ரூபாய் குறைந்தால் போதும். ராத்திரி 11 மணி ஆனாலும் சீட்டுகளை விரித்துப் போட்டுக் கணக்குப் பார்ப்பார் நம்ம ஊர் வியாபாரி. ஆனால் தன் கால் விரல் இடுக்கில் தோல் வெந்து, வெள்ளை வெள்ளையாக உரிந்து கிடந்தால்? "அது கெடக்குது சார், மொதல்ல பொழப்பைப் பார்ப்போம்" என்பார்.

பொழப்பு அப்படி! 1996-ல் கொத்தவால் சாவடியில் இருந்து காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கே ஊர் தூங்கும் நேரத்தில்தான் லாரியில் சரக்கு இறங்கும். காசிமேட்டில் விடியும் முன்பே மீன் கைமாறிவிடும். தெரு முனையில் இட்லி கடை போடும் அக்காவுக்கு 4 மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். இன்றைக்கு ஒரு தள்ளுவண்டி. அடுத்த தீபாவளிக்குள் இன்னொரு வண்டி. அதற்கப்புறம் ஷட்டர் வைத்த ஒரு கடை. இந்த ஆசையில் தப்பே இல்லை. இந்த ஆசை இல்லாவிட்டால் பாதி சென்னை இருக்காது.

ஆனால் முதலீட்டுக் கணக்கில் ஒரு அயிட்டத்தை யாருமே எழுதுவதில்லை. அதுதான் உடம்பு.

தொழிலுக்கு ஒரு தோல் நோய்

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தோல் தொல்லை இருக்கிறது. மீன் கடையில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை, சேற்றுத் தண்ணீரில் கால். வருவது சேற்றுப்புண். பூண்டு உரிப்பவர்களுக்கு விரல் நுனி எரிந்து தோல் கழன்று வரும். சாமந்தி கட்டும் சிலருக்கு அந்தப் பூவே ஒத்துக்கொள்ளாமல் கையும் கழுத்தும் தடித்துப் போகும்.

எலுமிச்சை ஜூஸ் கடைக்காரர் கதை இன்னும் விசித்திரம். பழத்தைப் பிழிந்த கையோடு வெயிலில் நிற்கிறார். சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் நெருப்புப் பட்ட மாதிரி வெந்து, பிறகு கறுத்துப் போகும். அந்தக் கறை மறைய வாரக் கணக்காகும், சில பேருக்கு மாதக் கணக்காகும். அழகுக்காக எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் கிளம்புகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்!

எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரு வில்லன் உண்டு. அவன் பெயர் படர்தாமரை. காலையில் மாட்டிய ஜீன்ஸ் பேண்ட் ராத்திரி வரை வியர்வையில் ஊறுகிறது. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாகச் சிவந்து, பிய்த்து எடுக்கும் அரிப்பு. வாடிக்கையாளர் முன்னால் சொறியவும் முடியாது. கடையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்கவும் மனம் வராது.

என்ன செய்வார்? பக்கத்து மெடிக்கலுக்குப் பையனை அனுப்புவார். "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க."

இங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

மீட்டர் வட்டி டியூப்

அப்படி வாங்கி வரும் டியூப் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. காளான் மருந்து, கிருமி மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகளும் உண்டு. தடவின இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியாது. "அடடா, நல்ல மருந்து!" என்று அடுத்த கடைக்காரருக்கும் சிபாரிசு.

நடந்தது வேறு. ஸ்டீராய்டு அந்தக் காளானைக் கொல்லவில்லை. தோலின் எதிர்ப்புச் சக்தியைத்தான் தூங்க வைத்தது. போலீஸ் ஸ்டேஷனைப் பூட்டிவிட்டால் ஏரியாவில் புகார் எண்ணிக்கை குறையும் அல்லவா? அந்த மாதிரிதான்! பூட்டிய ஸ்டேஷனுக்குப் பின்னால் காளான் தாராளமாகப் பரவுகிறது. டியூப்பை நிறுத்தினால் அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும். மறுபடி டியூப். மாதக் கணக்கில் இது ஓடினால் தோல் சிகரெட் காகிதம் போல மெலிந்து, தொடையில் பிரசவத் தழும்பு மாதிரி கோடு கோடாக விழுந்துவிடும். அந்தக் கோடு முழுசாக மறையாது.

தண்டல், மீட்டர் வட்டி பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்ட நேரத்தில் கையில் பணம். பிறகு வசூல். இந்த டியூப்பும் அதே ஜாதிதான்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நினைத்து விடவும் கூடாது. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்று தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது அருமையான மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் கவுண்டரில் கைமாறுவதுதான் கோளாறு. தோல் டாக்டர்கள் சங்கம் பல வருடம் குரல் கொடுத்தது. கடைசியில் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அட்டையில் எச்சரிக்கையும் இருக்கும், பொடி எழுத்தில். அதைப் படிக்க யாருக்கு நேரம்?

முகம்தான் போர்டு

சில தொழிலில் முகமே விளம்பரப் பலகை. பியூட்டி பார்லர், ஜவுளிக் கடை, செல்போன் கடை. "நீங்களே இப்படிக் கறுத்துப் போயிருக்கீங்களே" என்று வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்லர் வைத்திருக்கும் பெண்ணுக்கு அன்று சோறு இறங்காது. மங்குவுக்கு டாக்டர் சில வாரத்துக்கு மட்டும் எழுதும் ஸ்டீராய்டு கலந்த கிரீமை, சிவப்பழகு கிரீம் என்று நினைத்து வருடக் கணக்கில் பூசுகிறவர்கள் உண்டு. முதல் மாதம் முகம் பளபளக்கும். அப்புறம் பரு, முடி, நிரந்தரச் சிவப்பு. நிறுத்தினால் மிளகாய்ப் பொடி தூவிய மாதிரி எரிச்சல்.

இதைவிட மோசம், லேபிளில் முகவரி கூட ஒழுங்காக இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்கள். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கோட்டக்கல் டாக்டர்கள் துருவிக் கேட்டபோது பலர் ஒரே பதில் சொன்னார்கள்: சிவப்பழகு கிரீம். சோதித்ததில் பாதரசம்! 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்து கேரள மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடை கடையாக ரெய்டு நடத்தினார்கள். நம் நாட்டு விதிப்படி முகத்தில் பூசும் சாதாரண கிரீமில் தவறிக்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. முகம் வெளுக்கப் போய் கிட்னி போனால் கடையை யார் நடத்துவது?

கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. பின் கழுத்தில், அக்குளில் வெல்வெட் துணி மாதிரி தடித்த கறுப்பு வருகிறதா? பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டாம். அது அழுக்கு இல்லை. பல பேருக்கு அது சர்க்கரை நோய்க்கு முன்னோட்டம். நாளைக்கு எட்டு டீ, ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா என்ற வாழ்க்கையின் ரசீது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

நின்றே வியாபாரம் செய்கிறவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு, கணுக்கால் கறுத்து அரிக்கும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. முதலாளி உட்காரவும் சட்டம் தடை சொல்லவில்லை!

ஷட்டர் இறக்கியதும் 10 நிமிஷம்

கடை நடத்துகிறவருக்குத் தோல் பராமரிப்பு என்றால் ஏழு பாட்டில், எட்டு டப்பா என்று பயப்பட வேண்டாம். தண்டல்காரருக்குக் கட்டுகிற மாதிரி தினமும் தப்பாமல் கட்டினால் பத்து நிமிஷம் போதும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உடுத்திய துணியை உருவிப் போட்டுக் குளிப்பது. விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைப்பது. இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கால் கழுவுவார்கள், துடைக்க மாட்டார்கள். துண்டு அவரவருக்குத் தனி. ஒரே துண்டை வீடே பயன்படுத்தினால் ஒருவரின் படர்தாமரை குடும்பச் சொத்தாகிவிடும். உள்ளாடை தினம் துவைத்து நல்ல வெயிலில் காய வேண்டும். உடம்பில் ஈரம் இருக்கும்போதே கை காலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் பித்த வெடிப்பு அடங்கும். பரு உள்ள முகத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். முள் குத்தியதே தெரியாமல் புண் வைத்துக் காலை இழந்தவர்கள் உண்டு.

பகலில் வெயிலில் நிற்கிறவருக்கு ஒரு தொப்பி, முழுக்கை சட்டை. வசதி இருந்தால் எஸ்.பி.எஃப். 30 போட்ட சன்ஸ்கிரீன். முகத்துக்கு சோப்பு இரண்டு வேளைக்கு மேல் தேவையில்லை.

ஏற்கெனவே படர்தாமரை வந்தவர்கள் அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சொன்ன வாரம் வரை ஓட்டியாக வேண்டும்.

கோயம்பேடு, காசிமேடு ஆட்களுக்கு ஒரு சௌகரியம். இவர்கள் வேலை முடிகிற காலை நேரத்தில்தான் அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். தோலுக்குத் தனிப் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை பூசிய டியூப், டப்பா எதையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். அட்டையில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் எத்தனை மாதமாகப் பூசுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நாள்பட்டுப் பூசியவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும். எப்படிக் குறைப்பது என்பதை டாக்டரே சொல்வார்.