ஸெல்ப் மோட்டாரின் ஆயுள்

மனிதர்களுடைய ஆயுளை வருஷங்களால் கணக்கிடுகிறோம். மோட்டார் வண்டியின் ஆயுளைக் கிலோமீட்டர்களால் கணக்கிடுகிறோம். இந்த இரண்டு கணக்குகளுக்கும் கட்டுப்படாத ஓர் ஆசாமி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். என்ஜினை முதலில் உருட்டி எழுப்பிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் அவன். நம் ஊர் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் அவனைச் சுருக்கமாக ‘ஸெல்ப்’ என்று அழைக்கிறார்கள். வண்டி நிற்காமல் நூறு மைல் ஓடினாலும் அவனுக்கு வேலை ஓரிரண்டு விநாடிதான். தெருக்கோடிக் கடைக்குப் போய்த் திரும்பினாலோ இரண்டு தடவை உழைக்க வேண்டும். ஆகவே அவனுடைய ஆயுளை அளக்க ஏற்ற அளவு ‘எத்தனை தடவை’ என்பது ஒன்றே.

ஸெல்ப் வருவதற்கு முன்னால் இந்த வேலையை மனிதனுடைய கைதான் செய்து வந்தது. வண்டியின் முன்புறத்தில் இரும்பு ஹாண்டிலைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். சில சமயம் என்ஜின் எதிர்ப்புறமாகத் திருப்பி உதைக்கும். அந்த உதையில் மணிக்கட்டும் முழங்கையும் முறிந்தவர்கள் அநேகர். வயோதிகர்களும் ஸ்திரீகளும் தனியாக வண்டி ஓட்டத் தயங்கியதற்கு இந்த ஹாண்டில் ஒரு முக்கிய காரணம்.

அந்த ஹாண்டிலுக்கு விடை கொடுத்து அனுப்பியவர் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். இவர் சிறிது காலம் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர் என்பதில் நமக்குக் கொஞ்சம் அந்தரங்கமான பெருமை உண்டு! கடைகளில் பணம் போடும் கல்லாப்பெட்டி யந்திரத்துக்கு இவர் முன்பே ஒரு சிறிய மின்சார மோட்டார் அமைத்திருந்தார். என்ஜினைச் சுற்றுவதற்கு மிகப் பெரிய மோட்டார் தேவை என்று மற்றவர்கள் எண்ணினார்கள். கெட்டரிங்கின் யோசனை வேறு. நாள் முழுவதும் உழைக்கும் மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும். சில விநாடி மட்டும் உழைப்பதானால் சிறிய மோட்டாரின் மீதே பெரிய பாரத்தைச் சுமத்தலாம் என்று அவர் கண்டார். 1911-ல் அவர் செய்து காட்டிய ஸ்டார்ட்டர், 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டிகளில் வந்தது.

அந்தத் தத்துவம் இன்றும் மாறவில்லை. சாவியைத் திருப்பியதும் சொலினாய்டு என்ற மின்காந்தம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. மோட்டாரின் முனையில் உள்ள சிறு பல்சக்கரத்தை முன்னே தள்ளி, என்ஜினின் ப்ளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்வளையத்தோடு இணைக்கிறது. பாட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. சிறு சக்கரத்தில் பற்கள் பத்துக்கு முன்பின். பெரிய வளையத்தில் நூற்றுக்கு மேல். ஆகையால் மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றும். அந்தச் சிறு சக்கரப் பகுதியை நம் பட்டறைகளில் ‘பெண்டிக்ஸ்’ என்கிறார்கள். வின்ஸென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர் இப்படி நம் மெக்கானிக்குகளின் நாவில் நிலைத்துவிட்டது.

இனி ஆயுளுக்கு வருவோம். சாதாரண ஸ்டார்ட்டர் சுமார் 30,000 முதல் 50,000 தடவை வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காலையில் ஆபீஸ், மாலையில் வீடு, நடுவே கடைத்தெரு என்று தினம் நான்கு தடவை சாவியைத் திருப்பும் குடும்பத்தில், வருஷத்துக்கு 1,460 தடவை ஆகிறது. குறைந்த கணக்குப்படி பார்த்தாலும் இருபது வருஷம் ஓடவேண்டும். வீடு வீடாகச் சாமான் கொண்டு கொடுக்கும் வண்டியில் தினம் இருபது தடவை என்றால் வருஷத்துக்கு 7,300. அதே ஸ்டார்ட்டர் நான்கு வருஷத்துக்குச் சற்று மேலேயே தளர்ந்துவிடலாம். சிக்னலில் நின்றதும் என்ஜின் தானாக அணைந்து, பிறகு தானாகக் கிளம்பும் இந்நாளைய வண்டிகளில், பல மடங்கு அதிகத் தடவை தாங்கும்படியே ஸ்டார்ட்டரை அமைக்கிறார்கள். அதற்குப் பதிலாகச் சாதாரண ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டுவது, யானைக்குப் பூட்டிய சங்கிலியை அவிழ்த்துவிட்டு நூலால் கட்டுவது போலாகும்.

கணக்கு இப்படியிருக்க, பல ஸ்டார்ட்டர்கள் அகால மரணம் அடைவது ஏன்? என்ஜினிலிருந்து எண்ணெய் கசிந்து உள்ளே இறங்குவது ஒரு காரணம். மழைக்கால வெள்ளத்தில் வண்டியை விட்டு ஓட்டுவது மற்றொன்று. எல்லாவற்றிலும் பெரிய எமன் நீடித்த அழுத்தல். என்ஜின் பிடிக்கவில்லை என்று சாவியைத் திருப்பியபடியே அரை நிமிஷம் வைத்திருப்பவர்கள் உண்டு. நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் மின்சாரம் அதற்குள் செப்புக் கம்பிகளைக் கொதிக்க வைத்துவிடும். பத்து விநாடிக்கு மேல் திருப்பி வைத்திருக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் ஒரு நிமிஷமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுத்த பிறகே மறுபடி முயல வேண்டும்.

நோய் வந்தால் சப்தமே சொல்லிவிடும். சாவியைத் திருப்பியதும் ‘டக் டக் டக்’ என்று விடாமல் அடித்துக்கொண்டால் பெரும்பாலும் குற்றம் பாட்டரியினுடையது. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, முன்விளக்கும் மங்காமல் எரிந்தால் சொலினாய்டையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி, என்ஜின் அசையாமல் இருந்தால் பெண்டிக்ஸ் பழுது. ‘கரகர’வென்று அரைத்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஒரு சப்தமும் இல்லையென்றால், ஆட்டோமாட்டிக் வண்டியில் கியர் சரியான ஸ்தானத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கவலைப்படலாம்.

குடும்பஸ்தர்களுக்கு முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. பாட்டரி முனையில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைச் சுரண்டித் துடைத்து, கவ்வியை இறுக்கினாலே தீரும் தொல்லைக்காகப் புதிய ஸ்டார்ட்டருக்குப் பணம் அழுதவர்கள் பலர். பாட்டரி, அதன் முனைகள், வண்டியின் உடலோடு சேரும் எர்த் கம்பி ஆகிய மூன்றையும் சோதித்த பிறகே ஸ்டார்ட்டரைக் கழற்றச் சம்மதிக்க வேண்டும். என்ஜின் அணைந்து ஓய்ந்திருக்கும்போது நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். ஸெல்ப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதல் வைத்தியம் பாட்டரிக்குத்தான்.

ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டியதும் மோட்டார் உயிர் பெற்றால், ‘ஆகா, சரியாகிவிட்டது!’ என்று மகிழ வேண்டாம். உள்ளேயிருக்கும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். அடுத்த தடவை தட்டினாலும் எழாமல் போகலாம். அந்த அடுத்த தடவை, பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டிய நள்ளிரவாகவும் இருக்கலாம். ஆட்டோமாட்டிக் வண்டியானால் தெருவில் உள்ளவர்கள் எல்லோரும் கூடித் தள்ளினாலும் பிரயோஜனமில்லை. வீட்டார் பயப்பட வேண்டியது செலவுக்கு அல்ல. இப்படிப்பட்ட ஒரு வேளைக்குத்தான்.

பழுதான ஸ்டார்ட்டரைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது. பிரஷ், புஷ், சொலினாய்டு ஆகியவை தனித்தனியே கிடைப்பவை, செலவும் குறைவு. ஆர்மெச்சூர் எரிந்து கருகியிருந்தால் மட்டும் புதிதாக மாற்றுவதே சிக்கனம். இவை அயல்நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. சென்னையை அடுத்த பாடியில் 1961-ல் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை ஸ்டார்ட்டர் மோட்டார்களைச் செய்து வருகிறது.

மாற்றும்போது முதலில் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கம்பியில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் உண்டு. ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். பல வண்டிகளில் மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டு மூன்று போல்ட்டுகளே. சிலவற்றில் மற்றப் பாகங்களைக் கழற்றித்தான் அதை நெருங்க முடியும்; அப்போது கூலி ஏறுவது நியாயமே. புதியதன் பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்திருக்கிறதா, ப்ளைவீலின் பற்கள் உடையாமல் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஸெல்ப் திடீரென்று சாவது அபூர்வம். சோம்பலாகச் சுற்றியும், தயங்கி எழுந்தும், சப்தம் மாறியும் முன்கூட்டியே பலமுறை தெரிவிக்கிறது. காலையில் சாவியைத் திருப்பும்போது அரை விநாடி காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு, நள்ளிரவில் நடுத்தெருவில் நிற்கும் அவஸ்தை பெரும்பாலும் நேராது.