பெற்றதைத் திருப்பியளித்தல்

கணினியில் இயங்கும் பயன்பாட்டு நிரல் ஒன்று இடையில் முடங்கினால், அது பெற்றிருந்த நினைவகமும் திறந்து வைத்த கோப்புகளும் என்னவாகும்? இயக்க அமைப்பு அவற்றை மீட்டுக்கொள்ளும். நிரலை எழுதியவர் மறந்தாலும் இயக்க அமைப்பு மறப்பதில்லை. ஆனால், அதன் மையமாகிய உட்கருவே (கெர்னல்) தான் பெற்றதைத் திருப்பித் தர மறந்தால், மேலே நின்று மீட்பார் எவருமில்லை. கணினியை மீண்டும் தொடங்கும்வரை அந்நினைவகம் எவருக்கும் பயன்படாது கிடக்கும். இதனை நினைவகக் கசிவு என்பர்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் உட்கரு பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. அதில் பெற்றதை விடுவிப்பது நிரலரின் பொறுப்பு. சாதனம் ஒன்றை இயக்கும் நிரல் முதலில் நினைவகத்தையும், அடுத்துக் கடிகாரத் துடிப்பையும், பின்னர்க் குறுக்கீட்டுத் தடத்தையும் பெறுவதாகக் கொள்வோம். அதன்பின் வரும் நான்காம் படி தோற்றால், பெற்ற மூன்றையும் தலைகீழ் வரிசையில் திருப்பியளிக்க வேண்டும். வரிசை ஏன் முக்கியம்? நினைவகத்தை முதலில் விடுவித்துவிட்டால், இன்னும் உயிரோடிருக்கும் குறுக்கீடு வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்ட இடத்தில் எழுதக்கூடும். அது கசிவினும் கொடிது.

இப்பிழை பெரும்பாலும் பின்னாளில் நுழைகிறது. சரியாக எழுதப்பட்ட நிரலின் நடுவே மற்றொருவர் புதிய படி ஒன்றைச் சேர்ப்பார். அது தோற்றால் உடனே வெளியேறுமாறு எழுதிவிடுவார். முன்பு பெற்றவை அப்படியே நின்றுவிடும். திருத்தம் ஓரிரு வரிகளே, கண்டுபிடிப்பதே அரிது. தோல்விப் பாதை அன்றாடம் இயங்குவதில்லை. எனவே, சோதனையிலும் அது பெரிதும் தப்பிவிடுகிறது. அதனால்தான் நினைவகம் கிடைக்காததுபோல் வேண்டுமென்றே பொய்த் தோல்வியைப் புகுத்திச் சோதிக்கும் வசதி லினக்ஸில் அமைக்கப்பட்டுள்ளது.

'கோட்டூ' என்னும் தாவல் கட்டளை தீங்கானது என 1968இல் டெய்க்ஸ்ட்ரா வாதிட்டார். எனினும், லினக்ஸின் எழுத்து நெறி இவ்வோரிடத்தில் அதனை ஏற்கிறது. விடுவிக்கும் வரிகளைச் செயற்கூற்றின் இறுதியில் தலைகீழாக அடுக்கி, தோற்ற படிக்கேற்ற இடத்திற்குத் தாவச் செய்தால் ஒன்றும் விடுபடாது. படிதோறும் அதே வரிகளைத் திரும்ப எழுதுவதைவிட இது தெளிவானது என்பதில் ஐயமில்லை.

மனித மறதியை நம்பாத வழிகளும் பின்னர் வந்தன. 2007 முதல், பெற்றவற்றைச் சாதனத்தோடு பிணைத்து, தொடக்கம் தோற்றாலோ சாதனம் நீங்கினாலோ உட்கருவே அவற்றை வரிசை பிறழாது விடுவிக்கும் முறை உள்ளது. 2023இல் வெளிவந்த 6.5ஆம் பதிப்பில், மாறியின் எல்லை முடிந்ததும் நிரல்பெயர்ப்பியே விடுவிக்கும் வசதி சேர்ந்தது. இவை எல்லா இடத்திற்கும் பொருந்தா. சாதனத்தைப் பிடுங்கிய பின்னும் பயன்பாட்டு நிரலொன்று அதன் கோப்பைத் திறந்தே வைத்திருக்கலாம். அப்போது சாதனத்தோடு பிணைத்த நினைவகம் முந்தியே விடுவிக்கப்பட்டுவிடும். இத்தகைய இடங்களில் எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகின்றனர் என எண்ணிக்கை வைத்து, கடைசியாக விடுபவரே விடுவிக்குமாறு நிரலர் எழுத வேண்டியுள்ளது.