மூன்று நாடுகள் பூட்டிய மலை

கஜகஸ்தானின் கிழக்குப் புல்வெளியில் டெகலன் என்றொரு மலைத்தொடர். அதைக் குடைந்து 181 சுரங்கங்கள் அமைத்து, சோவியத் ஒன்றியம் 200க்கும் மேற்பட்ட அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1991இல் ஒன்றியம் சிதறியது. ராணுவம் கிளம்பிப் போனது. புளூட்டோனியம் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

வெடித்த பிறகு எப்படி மிஞ்சும்? முழு வெடிப்பில் அது உருகிய பாறையோடு கலந்துவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆனால் விபத்தில் சிக்கினால் குண்டு என்னவாகும் என்பதுபோன்ற சோதனைகளும் அங்கே நடந்தன. அவற்றில் சாதாரண வெடிமருந்துதான் வெடிக்கும். அணுப்பிளவு தொடர்ந்து பரவாததால் புளூட்டோனியம் அள்ளியெடுக்கும் நிலையிலேயே கிடக்கும். நாகசாகி குண்டில் இருந்ததே சுமார் 6 கிலோதான். டெகலனில் பல குண்டுகளுக்குப் போதுமான அளவு எஞ்சியிருந்தது. அதன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள் என்பதால், தானாக அழியட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அது உமிழும் ஆல்பா கதிர் தோலைக்கூடத் துளைக்காது. மூச்சில் போகாதவரை, திருடிச் செல்பவரை அது உடனே வீழ்த்திவிடாது.

1998இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூட முன்னாள் இயக்குநர் சீக்ஃபிரீட் ஹெக்கர் அங்கே போனார். செப்புக் கம்பிக்காக இயந்திரங்களை வைத்து நீள நீளமாகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள் பழைய உலோகம் தேடுபவர்கள். அவர்களுக்கு வேண்டியது செம்பு. புளூட்டோனியத்தைத் தேடி வருபவருக்கும் அதே வழி திறந்துதான் கிடந்தது.

எந்தச் சுரங்கத்தில் என்ன கிடக்கிறது என்பது ரஷ்யர்களுக்கே தெரியும். பணம் அமெரிக்காவிடம். மண்ணும் ஆட்களும் கஜகஸ்தானுடையவை. சொன்னால் ஆயுத ரகசியம் கசியும் என்று மாஸ்கோ தயங்கியது. ஹெக்கர் தான் எடுத்த படங்களை ரஷ்ய அணு விஞ்ஞானிகளிடம் காட்டினார். 1992 முதலே அவர்களோடு பழகியவர் என்பதால் பேச்சு நகர்ந்தது.

பெரும்பாலும், இருந்த இடத்திலேயே கான்கிரீட் ஊற்றி மூடுவது என்று முடிவாயிற்று. அதே கான்கிரீட் திருடனையும் தடுத்தது. குண்டின் வடிவமைப்பைக் காட்டிக்கொடுக்கும் எச்சங்களையும் மறைத்தது. சுமார் 15 கோடி டாலர் செலவில், 2012இல் வேலை முடிந்தது.

மூவரும் அதற்குள் நண்பர்களாகிவிடவில்லை. ஒரு சுரங்கத்தைப் பூட்டத் தேவையான அளவுக்கு மட்டும் ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். வேலைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.