நெய்வேலியில் நாபோத்

2023-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், கடலூர் மாவட்டம் வளையமாதேவி கிராமத்தில், பச்சை பிடித்துச் செழித்து நின்ற நெற்பயிரின் மீது மண்வெட்டும் பெரும் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கிய காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்ட தமிழர் எவரும் அதை எளிதில் மறந்திருக்கமாட்டார். அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி கையகப்படுத்தப்பட்டது, அதற்குரிய தொகையும் அளிக்கப்பட்டது, பயிரிட வேண்டாமென்று முன்னரே அறிவித்திருந்தோம் என்பது நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் வாதம். அன்று கொடுத்த விலை இன்றைய வாழ்வுக்கு ஈடாகாது, நிலம் எங்கள் கையில் இருந்தவரை உழுதோம் என்பது விவசாயிகளின் வாதம். அறுவடை முடியும்வரை பொறுத்திருக்கலாகாதா என்று வினவிய சென்னை உயர் நீதிமன்றம், அழிந்த பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 40,000 ரூபாய் வழங்கும்படி உத்தரவிட்டது.

சட்டத்தின் அளவில் வழக்கு அத்துடன் ஒருவாறு அடங்கிற்று; கிறிஸ்தவ மனச்சாட்சியின் அளவில் அது அடங்கவில்லை என்பதே என் எண்ணம்.

நெய்வேலியின் சரித்திரம் அபகரிப்பில் தொடங்கியதன்று. 1930-களில் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று நீரோடு வெளிப்படக் கண்ட ஜம்புலிங்க முதலியார், அதன் உண்மையை அறிய அரசாங்கத்தாரிடம் விடாது முறையிட்டு, பின்னர் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைத் தாமே மனமுவந்து வழங்கினார். 1956-இல் நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைக்க, 1961-இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. சோவியத் நாட்டின் துணையோடு அனல்மின் நிலையமும், ஜெர்மானிய நாட்டுச் சக்கர வெட்டு இயந்திரங்களும், எண்ணிட்ட பிளாக்குகளாக வகுத்த நகரியமும் எழுந்தன. ஏழைத் தேசமொன்று தன் அறிவாலும் உழைப்பாலும் நிமிர்ந்து நிற்க முயன்ற அந்தக் காலத்தின் பெருமையை எவரும் குறைத்துப் பேசலாகாது.

ஆயினும் இச்சுரங்கத்தின் இயல்பு எத்தகையதென்பதை வாசகர் அறியவேண்டும். இது பூமிக்குள் குடைந்து செல்லும் சுரங்கமன்று. மேல்மண் முழுவதையும் அகற்றினாலன்றிக் கரியைத் தொட இயலாத திறந்தவெளிச் சுரங்கம். ஒரு பாகம் கரிக்குப் பல பாகம் மண்ணை வெட்டி மலைபோற் குவிக்கவேண்டும்; கரிப்படுகையின் அடியில் மிகுந்த அழுத்தத்தோடு தங்கியிருக்கும் ஊற்றுநீர் தளத்தைப் பிளந்து மேலெழாதவாறு இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும்; பரவனாறு போன்ற நீர்வழிகளைத் திசைதிருப்பவும் வேண்டும். வெட்டிய இடத்திற் கரி தீர்ந்தவுடன் சுரங்கம் அடுத்த நிலத்தை நோக்கி நகர்கிறது. ஆகவே ஒரு முறை கொடுத்தோம், முடிந்தது என்று சுற்றுப்புறக் கிராமத்தார் ஒருபோதும் இருந்துவிட முடிவதில்லை.

இங்கேதான் வேதாகமத்தின் இராஜாக்கள் வரலாற்றில் வரும் நாபோத் என்னும் யெஸ்ரயேலூர்க் குடியானவனின் நினைவு எழுகிறது. அவனுடைய திராட்சத் தோட்டம் அரண்மனையை அடுத்திருந்தது. ஆகாப் ராஜா அதைக் கீரைத் தோட்டமாக்க விரும்பினான். நம்மிற் பலர் கவனியாது விடும் செய்தி ஒன்று அக்கதையில் உண்டு: ராஜா முதலில் பறிக்கவில்லை. அதைவிட நல்ல தோட்டமோ, ஏற்ற விலையோ தருகிறேனென்று நியாயமாகவே கேட்டான். விலை போதாதென்று நாபோத் மறுக்கவுமில்லை. முன்னோரின் சுதந்தரத்தைக் கைவிட ஆண்டவர் முன்னிலையில் தனக்கு அதிகாரமில்லை என்று மறுத்தான். அந்த மறுப்பைப் பொறுக்கமாட்டாத அரண்மனை, முத்திரையிட்ட கடிதங்களையும், மூப்பர் கூடிய சபையையும், சாட்சிகளையும் கொண்டு, சட்டத்தின் தோற்றம் சிறிதும் குன்றாத முறையில் அவனைக் கொன்றது. ‘நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ’ என்று எலியா தீர்க்கதரிசி வந்து கேட்ட கேள்வி அச்சட்டத் தோற்றத்தைக் கிழித்தெறிந்த கேள்வியாகும்.

நெய்வேலியை ஆகாபின் அரண்மனையோடு ஒப்பிடுவது அநியாயம் என்று ஒருவர் கூறக்கூடும். ஒரு பகுதி உண்மையும் அதில் இருக்கிறது. ராஜா கேட்டது தன் ருசிக்காக. நெய்வேலி கேட்பது தமிழ்நாடும் புதுச்சேரியும் கேரளமும் கர்நாடகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் மின்சாரத்திற்காக. ஆனால் பொதுநன்மை என்னும் பெயர் சூட்டப்பட்டவுடன் மறுப்பவனின் குரலுக்கு மதிப்பில்லாமற் போய்விடுமா? 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலச் சட்டம், தனியார் நிறுவனத்திற்கு நிலம் எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் சம்மதமும், அரசும் தனியாரும் கூடிய திட்டமானால் 70 சதவீதத்தினரின் சம்மதமும் வேண்டுமென்கிறது. அரசுத்துறை நிறுவனம் தனக்கென எடுப்பதானால் அச்சம்மத விதி பொருந்துவதில்லை. மக்களின் பெயரால் எடுப்பவர் மக்களைக் கேட்கவேண்டியதில்லை என்னும் இந்த ஏற்பாடு என் மனத்தை உறுத்துகிறது.

கடலூர் மாவட்டத்தின் கிறிஸ்தவம் மண்ணைவிட்டு விலகிநின்ற கிறிஸ்தவமன்று. இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவராகவே மாறிய வீரமாமுனிவர், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் மாதாவுக்கு எழுப்பிய ஆலயத்தில், இவ்வூர் மக்கள் நாவிற் பழகிய பெரியநாயகி என்னும் பெயரையே சூட்டினார். இன்றும் தமிழ்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை வரும்போது நெல்லும் கரும்பும் வாழைத்தாரும் பீடத்தின் முன் வைக்கப்படுகின்றன. வயலை இழந்த குடும்பத்தார் அப்பண்டிகைக்கு எதை ஏந்தி வருவார்கள் என்பதைச் சபையார் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

நிலத்தை இழந்தவன் பெரும்பாலும் அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக நுழைய வழி தேடுகிறான். 2020-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாளும் ஜூலை 1-ஆம் நாளும் இரண்டாம் அனல்மின் நிலையத்திற் கொதிகலன்கள் வெடித்தபோது, மாண்டவர்களிலும் தீக்காயமுற்றவர்களிலும் இத்தகைய ஒப்பந்தத் தொழிலாளரே பலர். ஆலைத் தொழிலாளியின் துயரைத் திருச்சபையின் துயராக ஏற்று 1891-இல் சுற்றுமடல் விடுத்தவர் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய தொழிற்புரட்சியை மனத்திற் கொண்டே அப்பெயரைத் தரித்ததாகக் கர்தினால்களிடம் தெரிவித்தார். அவ்வாண்டு ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், அந்நுண்ணறிவு ஏராளமான மின்சாரத்தையும் நீரையும் விழுங்குவதை எடுத்துக்காட்டியிருந்தது. கைப்பேசியில் நாம் கேட்கும் கேள்விக்குக் கணப்பொழுதில் வரும் பதிலுக்குப் பின்னாலும், எங்கோ ஓர் அனல்மின் நிலையமும், அதன் பின்னே ஒரு குடியானவனின் வயலும் இருக்கக்கூடும்.

நிலக்கரியைப் படிப்படியாகக் கைவிடவேண்டுமென்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டின் சுற்றுமடலில் வற்புறுத்தினார். நெய்வேலி நிறுவனமும் சூரிய ஒளியால் மின்சாரம் உற்பத்தி செய்யும் பணியில் இறங்கியிருக்கிறது, அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த மாற்றம் நிறைவேறுமட்டும் கரி தேவையென்றால், அதற்காக நிலத்தை இழப்பவன் கடைசியாகச் செய்தி அறிபவனாக இருத்தல் தகாது.

2023 ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலும் வடசேரியிலும் மைக்கேல்பட்டியிலும் கரி வெட்ட விடுக்கப்பட்ட ஏல அறிவிப்பு, விவசாயிகளும் மாநில அரசும் எதிர்த்த சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. மறுப்பைக் கேட்க மனமிருந்தால் கேட்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆகையால், அரசுத்துறை நிறுவனத்திற்கும் சம்மத விதியை நீட்டிக்கும்படி நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை வற்புறுத்துவோம். அடுத்த முறை நில அறிவிப்பு வந்து பொது விசாரணை கூடும்போது, கடலூர் மாவட்டத்துச் சபை மக்களும் போதகர்களும் தங்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருவதுபோலவே அங்கும் வந்து, நிலம் கொடுப்போரின் வரிசையில் அமரவேண்டும்.