கோழிகமுத்தி யானைப் பொங்கல்: நன்றி விழாவும் சுற்றுலாக் காட்சியும்

முன்னுரை

யானை இடம்பெறும் விழாக்கள் இந்தியாவில் பல உள்ளன. திருச்சூர்ப் பூரத்தில் யானை இறைத் திருவுருவைச் சுமந்து நிற்கிறது. ஹோலிப் பண்டிகையையொட்டி ஜெய்ப்பூரில் சுற்றுலாத்துறை நடத்திவந்த யானைத் திருவிழாவில் அணிவகுப்பும் போலோ விளையாட்டும் இடம்பெற்றன. கோவை மாவட்டத்தின் தென்பகுதியில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கோழிகமுத்தி முகாமில் தைத் திங்களில் நிகழும் யானைப் பொங்கல் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. இதன் மையச் சடங்கில் யானை எதையும் சுமப்பதில்லை, படையலைப் பெறுகிறது. இவ்வேறுபாட்டின் பொருளையும், சுற்றுலாவினால் அதற்கு நேரும் மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முகாமின் பின்புலம்

பொள்ளாச்சியை அடுத்துள்ள டாப்சிலிப் என்னும் இடப்பெயர் காட்டுத் தொழிலின் நினைவைத் தாங்கியுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வெட்டப்பட்ட தேக்கு மரங்கள் மலையுச்சியிலிருந்து கீழே சறுக்கிவிடப்பட்டமையால் இப்பெயர் வழங்கலாயிற்று. மரங்களை இழுக்கவும் அடுக்கவும் இக்காடுகளில் யானைகள் பழக்கப்பட்டன. மரத்தொழில் ஒடுங்கிய பின்னர், வயல்களுக்கும் ஊர்களுக்கும் வரும் காட்டு யானைகளைத் திருப்புவதும் பிடிப்பதும் பயிற்சி பெற்ற கும்கிகளின் பணியாயிற்று. 1972இல் சத்தியமங்கலம் காட்டில் பிடிக்கப்பட்ட கலீம் என்னும் கும்கி, பல்லாண்டுப் பணிக்குப்பின் 2023 மார்ச்சில் வனத்துறையினரின் மரியாதையுடன் ஓய்வு பெற்றது. யானையையும் பணியாளராகக் கருதும் மரபை இந்நிகழ்வு காட்டுகிறது.

சடங்கும் கொங்கு மரபும்

விழா நாளில் யானைகள் குளிப்பாட்டப்பட்டு, நெற்றியில் வண்ணமிட்டு, மாலை சூட்டி வரிசையாக நிறுத்தப்படுகின்றன. பொங்கலிட்டு வழிபட்டபின் பொங்கல், கரும்பு, பழம், வெல்லம் ஆகியன ஊட்டப்படுகின்றன. யானைகளைப் பராமரிக்கும் பாகர்களும், காவடி எனப்படும் உதவியாளர்களும் பெரும்பாலும் மலசர், மலைமலசர் முதலிய பழங்குடியினர் ஆவர். அவர்தம் குடும்பத்தினரும் பொங்கலில் பங்கேற்கின்றனர்.

சமவெளியில் கொங்கு வேளாண் குடிகள் கொண்டாடும் பட்டிப் பொங்கலுடன் இதனை ஒப்பிடலாம். அங்கு உழவுக்கு உதவிய மாடும், இங்கு காட்டில் உழைத்த யானையும் போற்றப்படுகின்றன. இரண்டும் உழைப்புக்குச் செலுத்தும் நன்றியே. ஆகவே யானைப் பொங்கலைக் கோயில் யானை விழாக்களின் வகையில் சேர்ப்பதைவிட, மாட்டுப் பொங்கலின் நீட்சியாகக் கொள்வதே பொருத்தமாகும்.

காண்போரும் காணாததும்

இவ்விழாவைக் காணச் சுற்றுலாப் பயணிகள் திரள்கின்றனர். பழங்குடிப் பாகர்களின் அறிவும் உழைப்பும் பிறர் கண்ணுக்குப் புலனாவது இதனால் விளையும் நன்மையாகும். எனினும், அலங்கரிக்கப்பட்ட யானையைக் காண்பவர் அது முகாமுக்கு வந்த வழியைக் காண்பதில்லை.

சின்னத்தம்பி என்னும் காட்டு யானையின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. கோவை தடாகம் பகுதியில் 2019 ஜனவரியில் பிடிக்கப்பட்ட அது ஆனைமலைக் காட்டில் விடப்பட்டது. ஆயினும் அங்குத் தங்காமல் உடுமலைப் பகுதியின் கரும்பு வயல்களை அடைந்தது. பிப்ரவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டு, வரகளியாற்றில் மரக்கூண்டில் அடைக்கப்பட்டு, பின்னர்க் கும்கியாக்கப்பட்டது. காட்டையொட்டிய நிலங்களில் கட்டடங்களும் பயிர்களும் பெருகியதால் யானைகளின் நடமாட்டத்திற்கு நேர்ந்த இடையூறே இத்தகைய மோதல்களின் முதன்மைக் காரணமாகும். வாழிடம் சுருங்கியதால் சிறைப்பட்ட யானைக்குக் கரும்பு ஊட்டிக் களிப்பதுடன் விழா முடியுமாயின், அது காரணத்தை மறைக்கும் காட்சியாகிவிடும்.

முடிவுரை

யானைப் பொங்கல் சுற்றுலாவுக்கு ஏற்றதா என்னும் வினாவைவிட, சுற்றுலா யாருக்காக ஒழுங்குபடுத்தப்படுகிறது என்னும் வினாவே முதன்மையானது. யானையின் குளியல், உணவு, ஓய்வு வேளைகளுக்கு ஏற்பப் பார்வையாளர் எண்ணிக்கையும் நேரமும் அமைதல் வேண்டும். ஒவ்வொரு யானையும் எங்கே, ஏன் பிடிக்கப்பட்டது என்பதைப் பாகர்களே பார்வையாளருக்கு எடுத்துரைக்கவும், அதற்குரிய ஊதியம் பெறவும் வழிசெய்யலாம். அவ்வாறு அமையுமாயின், விழாவுக்கு வருபவர் யானையின் உழைப்போடு அது இழந்த காட்டையும் அறிந்து செல்வர். நன்றிக்கடன் படையலோடு நில்லாமல், எஞ்சிய வழித்தடங்களைக் காக்கும் பொறுப்பாகவும் விரிதல் வேண்டும்.