தோல்வியே காணாத ஹெவிவெயிட் வீரர்: சாம்பியனுக்குச் சரியான எதிராளியா? கண்டுபிடிப்பது எப்படி?

பெரிய குத்துச்சண்டைப் போட்டி ஒன்று அறிவிக்கப்படுகிறது. போஸ்டரில் ஒரு பக்கம் சாம்பியன். மறுபக்கம், நீங்கள் பெயரே கேள்விப்படாத ஒருவர். பெயருக்குக் கீழே '25-0'. அதாவது 25 போட்டி, 25 வெற்றி, தோல்வி பூஜ்யம். 'செம டஃப் ஃபைட்டா இருக்கும்போல' என்று உடனே தோன்றும்.

அந்தப் பூஜ்யத்தை எவ்வளவு நம்பலாம்?

முதலில் ஒரு விஷயம். ஐபிஎல்லில் எந்த அணியோடு மோத வேண்டும் என்பதை அட்டவணை முடிவு செய்கிறது. தொழில்முறை குத்துச்சண்டையில் அப்படி இல்லை. வளரும் வீரருக்கு யாரை எதிரே நிறுத்துவது என்பதை அவருடைய மேனேஜரும் புரமோட்டரும்தான் பேசி முடிக்கிறார்கள். தோற்காத ரெக்கார்டுக்கு மார்க்கெட் அதிகம். அதனால் அதைப் பத்திரமாகப் பாதுகாப்பார்கள்.

இதில் உங்கள் டிக்கெட் காசு மட்டும் சம்பந்தப்படவில்லை. ஹெவிவெயிட் என்றால் 200 பவுண்டுக்கு, அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல். மேல் வரம்பு கிடையாது. அந்த எடையில் பொருத்தமில்லாத ஜோடியை மோதவிட்டால், அடி வாங்குவது ஒருவருடைய மூளை. அதனால் கீழே உள்ள கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

யாரை ஜெயித்தார்? எப்போது ஜெயித்தார்?

1982 ஜூன் 11, லாஸ் வேகாஸ். சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்த்து நின்றவர் ஜெர்ரி கூனி. ரெக்கார்டு 25-0. அவர் வீழ்த்தியவர்களில் ஜிம்மி யங், ரான் லைல், கென் நார்ட்டன் என மூன்று பெரிய பெயர்கள் இருந்தன. மூன்று பேருமே ஒரு காலத்தில் முகமது அலியோடு மோதியவர்கள். நார்ட்டன் அலியை ஜெயித்தே இருக்கிறார்.

ஆனால் கூனியிடம் தோற்றபோது நார்ட்டனுக்கு வயது 37, லைலுக்கு 39. யங்கும் தன் உச்சத்தைத் தாண்டியிருந்தார். பெயர்கள் நிஜம்தான், அவர்களுடைய நல்ல காலம்தான் முடிந்திருந்தது. எனவே, பெயரைப் பார்க்கும்போது பக்கத்திலேயே தேதியையும் பாருங்கள்.

எத்தனை ரவுண்ட் ஆடியிருக்கிறார்?

அந்த மூன்று போட்டிகளும் சேர்த்து 6 ரவுண்டைத் தாண்டவில்லை. நார்ட்டனை 54 விநாடிகளில் முடித்த பிறகு, கூனி 13 மாதங்கள் ரிங்கில் ஏறவே இல்லை. நேராக 15 ரவுண்ட் உலகப் பட்டப் போட்டி!

கூனி தைரியமாகத்தான் ஆடினார். இரண்டாவது ரவுண்டில் விழுந்தும் எழுந்து, 13-வது ரவுண்ட் வரை தாக்குப்பிடித்தார். அந்த ரவுண்டில்தான் போட்டி நிறுத்தப்பட்டது. அவருக்குத் திறமை இருந்தது. நீண்ட போட்டிக்கான பழக்கம்தான் போதவில்லை. சீக்கிரம் கிடைக்கும் நாக் அவுட்கள் பார்க்க அழகு. களைத்துப்போன பிறகு இந்த ஆள் என்ன செய்வார் என்பதை அவை உங்களுக்குக் காட்டாது.

ஜெயித்த போட்டியில் என்ன தடுமாற்றம்?

மைக்கேல் கிராண்ட், 31-0. ஆறடி ஏழு அங்குலம். அடுத்த சாம்பியன் இவர்தான் என்று பலர் பேசினார்கள். 1999-ல் ஆண்ட்ரூ கொலோட்டாவை 10-வது ரவுண்டில் ஜெயித்தார். ரெக்கார்டில் அது இன்னொரு வெற்றி. ஆனால் அந்தப் போட்டியின் முதல் ரவுண்டிலேயே கிராண்ட் இரண்டு முறை கீழே விழுந்திருந்தார்.

அடுத்த போட்டி 2000 ஏப்ரலில், லெனாக்ஸ் லூயிஸுடன். முதல் ரவுண்டில் மூன்று முறை விழுந்தார். இரண்டாவது ரவுண்டில் எல்லாம் முடிந்தது. எச்சரிக்கை முந்தைய வெற்றியிலேயே இருந்தது. ஸ்கோரை மட்டும் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

அப்போ, ஒரு தோல்வி இருந்தால் மட்டமா?

2019 ஜூன் 1, நியூயார்க். ஆண்டனி ஜோஷ்வா, 22-0. அவரோடு மோத வேண்டியவர் தோல்வி காணாத ஜாரெல் மில்லர். ஊக்கமருந்துப் பரிசோதனையில் மில்லர் சிக்க, கடைசி நேரத்தில் ஆண்டி ரூயிஸ் வந்தார். ரெக்கார்டு 32-1. தொப்பையைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய.

அந்த ஒரு தோல்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 2016-ல் ஜோசப் பார்க்கரின் சொந்த நாடான நியூசிலாந்துக்கே போய், உலகப் பட்டத்துக்காக மோதி, கடைசி ரவுண்ட் வரை நின்று, புள்ளிக் கணக்கில் நூலிழையில் இழந்தது அது. மேலும், ஜோஷ்வா போட்டிக்குச் சுமார் ஆறு வாரம் முன்புதான் ரூயிஸ் இன்னொரு போட்டியில் ஜெயித்திருந்தார். உடம்பு சூடாகவே இருந்தது.

மூன்றாவது ரவுண்டில் ரூயிஸ் விழுந்தார், எழுந்தார், அதே ரவுண்டில் ஜோஷ்வாவை இரண்டு முறை வீழ்த்தினார். ஏழாவது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது, பட்டங்கள் கைமாறின.

தரவரிசையை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். WBA, WBC, IBF, WBO என்ற நான்கு அமைப்புகளும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. ஒன்றில் முன்வரிசையில் இருப்பவர் இன்னொன்றில் பின்னால் இருக்கலாம். நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை போஸ்டரில் '25-0' பார்த்தால், அவருடைய கடைசி ஐந்து எதிராளிகளின் வயது, அவர்களுடைய அப்போதைய ஃபார்ம், ஆடிய ரவுண்டுகள், கடைசிப் போட்டியின் தேதி ஆகியவற்றைத் தேடுங்கள். பத்து நிமிட வேலை. பிறகு ஒரு முழுப் போட்டியின் வீடியோவைப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் அவர் அடி வாங்கும் இடங்களை வெட்டியிருப்பார்கள்.