வீட்டுக்குள் ஒரு கஞ்சாச் செடி: சட்டம் யாரைத் தேடி வரும்?

அப்புத்தளை நகரின் தென்புற விளிம்பில் நின்று கீழே நோக்குவோருக்கு, மூடுபனி விலகியிருக்கும் காலை வேளைகளில், வெல்லவாய தொடக்கம் உடவளவை வரையிலான வரண்ட சமவெளி முழுமையாகத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே தேயிலை. கீழே காடும் சேனையும். ஊவா மாகாணத்தின் மற்றைய மாவட்டமான மொனராகலைக்குரிய அச்சமவெளியின் காடுகளுக்குள் பல தசாப்தங்களாகக் கஞ்சா பயிரிடப்பட்டு வருவது எவரும் அறியாத இரகசியமல்ல. தணமல்வில, செவனகல, வெல்லவாய, சியம்பலாண்டுவ ஆகிய பெயர்கள், விசேட அதிரடிப்படையினரின் சுற்றிவளைப்புச் செய்திகளின் வாயிலாகவே வெளி மாவட்ட வாசகர்கள் பலருக்கு அறிமுகமாகியுள்ளன.

இதுவரை கீழே காட்டுக்குள் இருந்த இந்த விவகாரம் இப்போது மேலே, வீட்டு அறைக்குள் வரப் பார்க்கின்றது. அண்மையில் அப்புத்தளைப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். "ஐயா, கொழும்பில் வேலை செய்யும் என் பேரன் சொல்கிறான், அறைக்குள் கூடாரம் அடித்து விளக்கு வைத்து ஒன்றிரண்டு கஞ்சாச் செடி வளர்க்கலாமாம். அரசாங்கமே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டதாம். உண்மையா?" என்பதே அக்கேள்வி. கையடக்கத் தொலைபேசியில் 'ஆரம்ப நிலையினருக்கான' வழிகாட்டிகளையும் காணொளிகளையும் பார்க்கும் இளைஞர்கள் பலரிடம் இதே எண்ணம் இருப்பதாகத் தெரிவதால், அதற்கான விடையைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது.

முதலில் சட்டம். 1925ஆம் ஆண்டு ஜெனீவாவில் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச அபின் சமவாயமே இந்தியக் கஞ்சாவை முதன்முதலில் உலகளாவிய கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் பின்னர் இலங்கையில் இயற்றப்பட்டதே 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம். பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையிலுள்ள இச்சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றிக் கஞ்சாச் செடியை விதைப்பதும் நடுவதும் வளர்ப்பதும் மாத்திரமன்றி, அதன் விதை, இலை, பூ ஆகியவற்றை வைத்திருப்பதும் குற்றமாகும். காட்டில் ஓர் ஏக்கராயினும் அறையில் ஒரு பூச்சட்டியாயினும் குற்றம் குற்றமே. 'சொந்தப் பாவனைக்கு' என்றொரு விதிவிலக்கு எமது சட்டத்தில் இல்லை.

ஹெரோயின், கொக்கேயின் போன்றவற்றை வியாபாரம் செய்வோருக்கு 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலமும், 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெற்றமைனுக்கு 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலமும் மரண தண்டனை அல்லது ஆயுட்கால சிறை விதிக்க இடமளிக்கப்பட்டது. கஞ்சாவுக்கு அத்தகைய தண்டனை இல்லை என்பது உண்மையே. ஆயினும் நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்படும் இளைஞனின் பெயர் பொலிஸ் பதிவேட்டில் ஏறிவிடுகின்றது. பின்னர் வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அதன் பாரத்தை அவன் உணர்வான்.

அப்படியாயின் 'அரசாங்கம் அனுமதித்துவிட்டது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஆயுர்வேதத்தில் 'திரைலோக்ய விஜயபத்ர' என்ற பெயரால் வழங்கும் கஞ்சா, சுதேச மருந்துகள் சிலவற்றில் இன்றும் சேர்க்கப்படுகின்றது. நீதிமன்றங்கள் பறிமுதல் செய்த கஞ்சா ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு வழங்கப்பட்டு வந்தமை பலரும் அறிந்ததே. பழைய கஞ்சா மருந்துக்கு உதவாது என்ற வைத்தியர்களின் முறைப்பாட்டைத் தொடர்ந்து, அரச கண்காணிப்பில் அதனைப் பயிரிடும் யோசனை 2017இல் முன்வைக்கப்பட்டது. 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர்ச்செய்கை பற்றிப் பேசப்பட்டது. 2025இல், மருத்துவத் தேவைக்காகப் பயிரிட்டு முழுவதையும் ஏற்றுமதி செய்யும் நிபந்தனையுடன், மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எழுவருக்கு அனுமதி வழங்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

அதாவது, மில்லியன் கணக்கான டொலர் முதலிடக்கூடியவருக்கு, வேலியடைத்துக் காவல் போட்ட நிலத்தில், அரசின் கண்காணிப்பில் கிடைக்கும் அனுமதி அது. அப்புத்தளை இளைஞனின் அறைக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒரே செடி ஒருவருக்கு ஏற்றுமதிப் பயிராகவும் இன்னொருவருக்குக் குற்றப் பொருளாகவும் இருப்பது நியாயமா என்று எவரேனும் கேட்டால் அது விவாதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவ்விவாதம் நடைபெற வேண்டிய இடம் பாராளுமன்றமேயன்றி லயன் அறையல்ல.

அறைக்குள் வளர்க்கும் முறை தோன்றிய வரலாற்றையும் நோக்க வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தேசத்துச் செடியை மின்விளக்கின் கீழ் வளர்க்க வேண்டிய தேவை இயற்கையால் ஏற்பட்டதல்ல. சட்டத்துக்கு அஞ்சி ஏற்பட்டது. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் வானிலிருந்து தோட்டங்களைத் தேடும் நடவடிக்கை தீவிரமடைந்தபோது பயிரிட்டோர் கூரைக்குக் கீழே ஒதுங்கினர். பொலிஸாரும் விட்டுவிடவில்லை. 1992இல் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டின் சுவரிலிருந்து வெளியேறிய வெப்பத்தைக் கருவி கொண்டு அளந்து, உள்ளே விளக்குகள் எரிவதை ஊகித்தனர். அந்த அளவீடே வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்றும், அதற்கு நீதிமன்றப் பிடியாணை தேவை என்றும் அமெரிக்க உயர் நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது.

இன்று கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீடொன்றுக்கு நான்கு செடிகளும், ஜேர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தவர் ஒருவருக்கு மூன்று செடிகளும் அனுமதிக்கப்பட்டுள்ளன. எமது இளைஞர்கள் பார்க்கும் வழிகாட்டிகளிற் பெரும்பாலானவை அத்தகைய நாடுகளின் சட்டத்தையும் வீட்டையும் மின்சாரத்தையும் மனதிற்கொண்டு தயாரிக்கப்பட்டவை. காணொளி எல்லை தாண்டி வந்துவிடுகின்றது, சட்டம் வருவதில்லை. 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிய தாய்லாந்திலிருந்து 'குஷ்' வகைக் கஞ்சாவைக் கொண்டுவந்து கட்டுநாயக்காவில் கைதானவர்கள் பலர். 2025 மே மாதத்தில் ஒரே பயணியிடம் 46 கிலோகிராம் கைப்பற்றப்பட்டது. அதே தாய்லாந்து அடுத்த மாதமே, வைத்தியரின் சிட்டையின்றி அதனை விற்கக்கூடாது என்று பின்வாங்கியது.

மின்சாரத்தின் கணக்கையும் பார்ப்போம். 600 வாற்று விளக்கொன்று நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் 7.2 அலகு, மாதத்துக்கு 216 அலகு. மின்விசிறி முதலியன வேறு. எமது வீட்டு மின்கட்டணத்தில் 180 அலகைத் தாண்டினால் உச்சப் படிநிலைக்குள் சென்றுவிடும். ஆதலால், இரகசியமாக வளர்ப்போர் மின்மானியைத் தவிர்த்துக் களவாக மின்சாரம் பெறுவது வெளிநாடுகளில் சாதாரணமாகிவிட்டது. அதனால் மூண்ட தீ விபத்துகளும் பல. மின் ஒழுக்கினால் ஒரு வரிசை லயன் முழுவதுமே எரிந்து சாம்பலான செய்திகளை நாம் எத்தனை முறை பிரசுரித்திருப்போம்! பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பழைய வயர்களில், அடுத்த வீட்டுக் குழந்தை உறங்கும் சுவருக்கு அப்பால் இதைச் செய்வதன் அபாயத்தை எந்த வழிகாட்டியும் கூறுவதில்லை. மழைக்காலத்தில் உடுதுணியே காயாத அப்புத்தளையின் ஈரத்தில் பூஞ்சணம் பற்றிய சரக்கைப் புகைப்பவரின் நுரையீரலைப் பற்றியும் அவை கூறுவதில்லை.

"செடிதானே, இயற்கைதானே" என்ற வாதம் புதியதல்ல. சித்தர் மரபில் சிவமூலி எனப்பட்ட இச்செடி, சுத்தி செய்து அளவறிந்து சேர்க்கப்படும் மருந்துச் சரக்காகவே நூல்களில் இடம்பெறுகின்றது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் மத்திய காலத்திலேயே இவ்வாதத்தை எதிர்கொண்டனர். மதுவைப் போல இது திராட்சையிலிருந்து வடிக்கப்பட்டதல்லவே என்று சிலர் கேட்டபோது, போதையே அளவுகோல் என்று இமாம் இப்னு தைமிய்யா வாதிட்டார்.

அக்காலத்துக் கஞ்சாவும் இன்றையதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போதை தரும் கூறாகிய ரி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகளான மெக்கூலமும் கவோனியும் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995 அளவில் சராசரியாக 4 சதவீதமாக இருந்த இக்கூறு 2014இல் ஏறத்தாழ 12 சதவீதமாக உயர்ந்திருந்தது. விளக்கின் கீழ் வளர்க்கத் தெரிவுசெய்யப்படும் இனங்கள் இவ்வுயர்ந்த வீரியத்துக்காகவே உருவாக்கப்பட்டவை. சுவீடனில் இராணுவ சேவைக்குச் சேர்ந்த 45,000 இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மிக அதிகமாகக் கஞ்சா பாவித்தவர்கள் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, பாவிக்காதவர்களைவிட ஆறு மடங்கு எனக் கண்டது. மனநல வைத்தியரைக் காணப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ ஒரு நாள் சம்பளத்தை இழந்து செல்ல வேண்டிய குடும்பத்துக்கு இது வெறும் புள்ளிவிபரமல்ல.

எனினும் எம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. சேனைக் கஞ்சாச் சுற்றிவளைப்புகளில் அகப்படுவோர் பெரும்பாலும் நாட்கூலிக்குக் காவல் இருப்பவர்களே. பணம் போட்டவர் அங்கு இருப்பதில்லை. பிரித்தானியாவிலும் இதுவே நடந்தது. வியட்நாமிலிருந்து கடத்திவரப்பட்ட சிறுவர்கள் ஜன்னல் அடைக்கப்பட்ட வீடுகளுக்குள் செடிகளுக்கு நீரூற்ற விடப்பட்டனர். பொலிஸார் கதவை உடைத்தபோது குற்றவாளிகளாக நின்றவர்கள் அச்சிறுவர்களே. அத்தகையோருக்கு அங்கு சட்டப் பாதுகாப்புக் கிடைக்க 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே தோட்டத்து இளைஞனிடம் ஒருவர் வந்து, "அறையை மட்டும் கொடு, விளக்கும் விதையும் நான் தருகிறேன், மாதம் இவ்வளவு" என்று கூறினால், மின்மானி எவர் பெயரில் இருக்கின்றதோ, அறையில் எவர் உறங்குகின்றாரோ, அவரையே சட்டம் முதலில் வந்தடையும். வீட்டுக்கு உறுதியோ காணிக்கு உரித்தோ இல்லாத குடும்பமாயின் அதன் பின்விளைவைச் சொல்லத் தேவையில்லை.

ஆசிரியருக்கு நாம் அளித்த பதில் சுருக்கமானது. அனுமதி இல்லை, ஒரு செடிக்கும் இல்லை. பேரன் ஏற்கெனவே பாவனைக்குப் பழகியிருந்தால் பொலிஸ் நிலையத்துக்கு முன்னர் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசகர்களை நாடுங்கள், 1927 என்ற இலக்கத்தில் அவர்களுடன் பேசலாம் என்றோம். அவர் அவ்விலக்கத்தைக் குறித்துக்கொண்டார். பின்னர் சற்றுத் தயங்கி, அறை வாடகை எவர் பெயரில் எடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பேரனிடம் கேட்டறிய வேண்டும் என்றார்.